உலக்கைக்குப் பூண் போட்டோம்... பல்லுக்குப் போட்டோமா?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய உலக்கை ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் முனையில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதற்குப் பெயர் பூண். இடிக்கிற வேலையைச் செய்வது மரத்தின் கனம். பூணுடைய வேலை வேறு. இடி விழ விழ மரம் பிளந்து போகாமல் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பூண் கழன்ற உலக்கையை நம் பாட்டிமார்கள் தொடமாட்டார்கள். "பூண் போட்டுட்டு வா, அப்புறம் இடிக்கலாம்" என்று ஆசாரியிடம் அனுப்பிவிடுவார்கள்.

உலக்கைக்கு இருந்த இந்த அக்கறை, வேர் சிகிச்சை செய்துகொண்ட பல்லுக்கு நம்மிடம் இல்லை. 'ரூட் கேனால்' முடிந்து வலி நின்றதும், "கேப் அப்புறம் போட்டுக்கிடலாம்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த 'அப்புறம்' பல பேருக்கு வருவதே இல்லை.

"நீங்க சித்த வைத்தியர். பல் டாக்டர் பேச வேண்டியதை நீங்க ஏன் பேசுதீய?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு என் வாயில் இருக்கும் ஓர் ஓட்டைதான் பதில்.

என் பல் போன கதை

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். ஆழ்வார்திருநகரியில் வைத்தியம் பார்க்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. கிராம்புத் தைலம் வைத்தேன், கேட்டது. மறுபடி வலித்தது, மறுபடி வைத்தேன். ஒருநாள் ராத்திரி கன்னம் வீங்கி, தூக்கம் போய், விடிந்ததும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பல் மருத்துவர் மூன்று முறை வரச் சொல்லி வேர் சிகிச்சையை நல்லபடியாக முடித்தார். கடைசி நாளில், "அண்ணாச்சி, ரெண்டு வாரத்துல வந்து கேப் போட்டுக்கிடுங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வலிதான் இல்லையே! மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் வேறு. நாள் ஓடிவிட்டது.

எட்டு மாதம் கழித்து, கோவில்பட்டி போய் வந்த ஒரு நண்பர் கடலை மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். ஆசையாய் ஒரு கடி. 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால் பல் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அதே மருத்துவரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். பிளவு வேர் வரை இறங்கியிருந்தது. "இனி ஒண்ணும் செய்ய முடியாது, எடுத்துரலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

மூன்று நாள் அலைந்து, காசு செலவழித்துக் காப்பாற்றிய பல்லை ஒரு துண்டு மிட்டாயில் தொலைத்தேன். மிட்டாய் மேல் தப்பில்லை. பூண் போடாத உலக்கையால் இடித்தது நான்தான்.

ஏன் பிளக்கிறது?

'வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. காய்ந்த விறகு மாதிரி ஆகிவிடும், அதனால்தான் உடைகிறது' என்று நம் ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1992-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேர் சிகிச்சை செய்த 23 பற்களையும், அதே ஆட்களின் வாயில் மறுபக்கத்தில் இருந்த உயிருள்ள ஜோடிப் பற்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல்லின் பொருளில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, காய்ந்து போவது முக்கியக் காரணம் அல்ல.

அப்படியானால் எது? பல்லின் சுவர் குறைந்து போவது. 1989-ல் அமெரிக்காவில் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூவர் இதை அளந்து பார்த்தார்கள். வேர் சிகிச்சைக்காகத் துளை போடுவதால் மட்டும் பல்லின் உறுதி சுமார் 5 சதவிகிதம்தான் குறைந்தது. கடிக்கும் பரப்பின் நடுவில் குழி எடுத்தால் 20 சதவிகிதம். அந்தக் குழி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உடைத்துக்கொண்டு குறுக்கே ஓடினால் 63 சதவிகிதம்!

கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பை நாக்கால் தடவிப் பாருங்கள். நடுவில் பள்ளமும் நான்கைந்து மேடுகளும் முன்னும் பின்னும் இரண்டு வரப்புகளும் இருக்கும். அந்த வரப்புகள்தான் பல்லின் பூண். சொத்தை பல நேரம் இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில் வரும். அப்போது சொத்தையைச் சுரண்டும்போது முதலில் போவது வரப்பு. வரப்பு போன பின் மேடுகள் தனித்தனியாக நிற்கின்றன. ஒவ்வொரு கடியும் அவற்றை இரண்டு பக்கமும் விரிக்கப் பார்க்கிறது. நடுவில் என்ன அடைத்தாலும், அடைப்பு உள்ளே இருந்து தள்ளுமே தவிர, வெளியே இருந்து பிடிக்காது.

வெளியே இருந்து பிடிப்பதற்குத்தான் கேப். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், கேப் போட்ட பற்களைப் போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டது தெரிந்தது. அந்த ஆறு மடங்கில் ஒருவன் நான்.

இன்னொரு காரணமும் உண்டு. தற்காலிகமாக அடைத்துவிடும் பசை நாளாக நாளாகக் கசியும். எச்சிலும் கிருமியும் மேலிருந்து வேருக்குள் இறங்கும். 1995-ல் 1,010 பற்களின் எக்ஸ்ரே படங்களை வைத்துச் செய்த ஆய்வு, வேருக்குள் செய்த வேலையின் தரத்தைவிட மேலே போட்ட மூடியின் தரம் இன்னும் முக்கியமாக இருந்தது என்று சொன்னது. குடத்தைக் கழுவி நல்ல தண்ணீர் பிடித்தபின் திறந்து போட்டால் என்ன பலன்?

ஊறுகாய் ஜாடியும் பீங்கான் பல்லும்

சரி, கேப் போடத் தீர்மானித்துவிட்டீர்கள். அடுத்த கேள்வி வருகிறது. "எந்த கேப் போட? மெட்டலா, பீங்கானா, ஜிர்கோனியாவா?"

பீங்கானின் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடியில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உப்பும் புளிப்பும் கிடக்கலாம், ஜாடிக்கு ஒன்றும் ஆகாது. மேலே கனத்தைத் தூக்கி வைத்தாலும் தாங்கும். ஆனால் விளிம்பில் கரண்டி பட்டால் சில்லு தெறிக்கும். அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும் என்பதுதான் பீங்கானின் ஜாதகம்.

பல் அப்படி அல்ல. பல்லின் உட்பகுதி எடையில் ஏறக்குறைய 70 சதவிகிதம் தாது, 20 சதவிகிதம் புரத நார், 10 சதவிகிதம் தண்ணீர். நம் மன்னார் வளைகுடா முத்தும் இதே தத்துவம்தான். சுண்ணாம்புச் சத்து அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய புரதம். அதனால்தான் இரண்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கின்றன. வளையாத பீங்கானை, வளையும் பல்லின் மேல் உட்கார வைப்பதுதான் பல் மருத்துவருக்குள்ள சோதனை.

1903-ல் அமெரிக்காவில் சார்லஸ் லேண்ட் என்பவர் பீங்கான் உறையை அறிமுகப்படுத்தினார். அழகு உண்டு, பலம் போதவில்லை. 1960-களில் உள்ளே உலோகத் தொப்பி, மேலே பீங்கான் பூச்சு என்ற முறை பரவியது. நம் ஊர்களில் 'செராமிக் கேப்' என்ற பெயரில் இன்றும் அதிகம் போடப்படுவது இதுதான். அதன் பிறகு உலோகமே இல்லாத புதுப் பீங்கான்கள் வந்தன.

இவற்றின் வளைவைத் தாங்கும் சக்தியை மெகாபாஸ்கல் என்ற அளவால் சொல்வார்கள். பழைய பீங்கானுக்கு 60 முதல் 100. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானுக்குச் சுமார் 400. ஜிர்கோனியாவுக்கு 900 முதல் 1,200 வரை. கடைவாயில் ஒரு திடமான ஆள் முழு பலத்தோடு கடித்தால் 50, 60 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். அதனால் இந்த வித்தியாசம் அலட்சியம் செய்யக் கூடியது அல்ல.

ஜிர்கோனியா நமக்கு அந்நியமான சரக்கும் அல்ல. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் ஜிர்கான் என்ற தாது இருக்கிறது. ஜிர்கோனியா கிடைப்பது அந்தத் தாதுவிலிருந்துதான். எங்கள் தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் இருக்கிறது. மார்க்கோ போலோ சொன்ன முத்துத் துறைமுகமான காயல் இதுதான் என்று கால்டுவெல் கருதினார். அங்கே மத்திய அரசின் அணு எரிபொருள் வளாகம் 2009-ல் தொடங்கிய ஆலை ஒன்று, ஜிர்கான் மணலிலிருந்து ஜிர்கோனியம் ஆக்சைடும் ஜிர்கோனியம் உலோகமும் எடுக்கிறது. அது அணு உலைகளுக்குப் போகிறது, பல்லுக்கு அல்ல. ஆனால் அந்த ஜிர்கோனியம் ஆக்சைடுக்கும் உங்கள் பல்லில் உட்காரும் ஜிர்கோனியாவுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே.

பல்லுக்குப் போகும் ஜிர்கோனியாவில் யிட்ரியம் என்ற தனிமத்தின் ஆக்சைடைச் சிறிது கலப்பார்கள். விரிசல் ஒன்று ஊர்ந்து வரும்போது, அதன் முனையில் உள்ள படிகங்கள் உருமாறிக் கொஞ்சம் உப்புகின்றன. உப்பியதும் விரிசலின் வாய் இறுகி, மேலே ஓடாமல் நின்றுவிடுகிறது. இந்தக் குணத்தைப் பார்த்து 1975-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'பீங்கான் எஃகு' என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பல் மாதிரியே ஒளி ஊடுருவும்' என்று விற்கப்படும் அழகு ஜிர்கோனியாவில் இந்தக் குணம் குறைவு. பலமும் குறைவு. முன்பல்லுக்கு அது சரி. பின்பல்லுக்கு எந்த ரகம் என்று கேட்டுவிட்டே சம்மதியுங்கள்.

வாரன்டி யாருக்கு?

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். ஜிர்கோனியா கேப்போடு பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று வாரன்டி அட்டை கொடுக்கிறார்கள். ஃபிரிட்ஜ் வாங்கினது போல அதைப் பத்திரப்படுத்தி வைத்து, "எனக்குக் கவலையில்லை" என்று இருக்கிறோம். அந்த அட்டை பீங்கானுக்கு. உங்கள் பல்லுக்கு அல்ல!

போன வருஷம் ஒரு தாயார் என்னிடம் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். "வைத்தியரய்யா, இதைப் பாருங்க" என்று பிரித்தார். உள்ளே கேப். ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதற்குள்ளேயே அவருடைய பல்லின் மேல்பாகம் முறிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "வெல கூடின கேப்புய்யா, ஒடையவே ஒடையாதுன்னு சொன்னாவ" என்றார். சொன்னது பொய்யில்லை. கேப் உடையவில்லையே!

உலக்கைக்கு எவ்வளவு கெட்டியான இரும்பில் பூண் அடித்தாலும், உள்ளே பிடித்துக்கொள்ள மரம் வேண்டாமா? முனை மழுங்கி உளுத்துப்போன உலக்கையில் பூண் நிற்குமா? பல்லுக்கும் அதே கணக்கு. கேப்பின் விளிம்புக்கு மேலே, பல்லைச் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது உங்கள் சொந்தப் பல் மிஞ்சியிருக்க வேண்டும். கேப் அந்த வளையத்தைத்தான் கட்டிப் பிடிக்கிறது. பல் மருத்துவர்களும் இதைப் பூண் பிடிமானம் என்ற பொருள்படும் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அந்த இரண்டு மில்லிமீட்டர் ஒரு அரிசியின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் 1,200 மெகாபாஸ்கலைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

"பல்லே மிச்சமில்லாவிட்டால் உள்ளே ஆணி வைத்துக் கட்டலாமே?" என்பீர்கள். வைக்கலாம். மேலே கட்டும் பகுதிக்குப் பிடிப்பு தரத்தான் ஆணி. வேருக்கு அது பலம் சேர்க்காது. ஆணிக்கு இடம் பண்ண வேரை மேலும் குடைந்தால், விறகில் ஆப்பு இறக்கின கதையாகிவிடும். தேவையில்லாத ஆணி வேண்டாம்.

யாருக்கு எது?

முன்பல்லா? பெரிய சொத்தை இல்லாமல், அடிபட்டோ வேறு காரணத்தாலோ வேர் சிகிச்சை செய்திருந்தால், பின்னால் உள்ள சின்னத் துளையை அடைத்தாலே போதும். 1984-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களைப் பார்த்த ஓர் ஆய்வு, முன்பற்களில் கேப் போட்டதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்றது. நல்ல பல்லைச் சுற்றிலும் சீவி கேப் மாட்டுவது, இருக்கிற மரத்தைச் செதுக்கிப் பூண் போடுவது போல.

கடைவாய்ப் பல்லா? மேடுகளை மூடும் உறை கண்டிப்பாக வேண்டும். பக்கச் சுவர்கள் நன்றாக இருந்தால், முழுப் பல்லையும் சீவாமல் மேல்பாகத்தை மட்டும் மூடி, பசையால் ஒட்டும் பீங்கான் உறைகளும் இருக்கின்றன. சுவர் தாழ்ந்திருந்தால், வேர்க்குழியின் மேல் அறைக்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும் ஒரே துண்டு உறையும் உண்டு. உங்கள் பல்லுக்கு எது ஒத்துவரும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கையில் காசு இல்லையா? இதைக் கவனமாகப் படியுங்கள். 'ஜிர்கோனியா போட முடியாவிட்டால் ஒன்றும் வேண்டாம்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சிரித்தால் தெரியாத கடைக்கோடிப் பல்லுக்கு வெறும் உலோக கேப்பே தாராளம். உடையாது, பல்லையும் அதிகம் சீவ வேண்டாம். நடுவில் உள்ள பல்லுக்கு உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது. நேரத்தில் போட்ட சாதாரண கேப், போடாமலே தள்ளிப்போட்ட ஜிர்கோனியாவைவிட ஆயிரம் மடங்கு மேல். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

பல் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேர் சிகிச்சைக்கு ஒரு தொகை, கேப்புக்குத் தனித் தொகை என்று பிரித்துச் சொன்னால், நடுத்தரக் குடும்பம் முதல் தொகையைக் கட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு சிகிச்சை என்று முதல் நாளே சொல்லுங்கள். தவணையில் வாங்கிக்கொண்டாலும் சரி, பாதியில் விட்டுவிடாதபடி செய்யுங்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

சிகிச்சை தொடங்கும் முன்பே, கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் முடியும்?

2. கேப் பிடித்துக்கொள்ள என் பல் எவ்வளவு மிச்சமிருக்கும்?

3. என் பல்லுக்கு முழு கேப்பே தேவையா, மேடுகளை மட்டும் மூடினால் போதுமா?

4. ராத்திரியில் நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேன். அதற்கு என்ன செய்ய?

நான்காவது கேள்வியை வீட்டில் பக்கத்தில் படுப்பவர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். நமக்கே தெரியாது!

சித்த வைத்தியம் எங்கே நிற்கிறது?

நான் படித்த வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வைத்துப் பல்லைப் பேணிய பரம்பரை நம்முடையது. ஈறு வீக்கத்துக்குத் திரிபலா கஷாயம் கொப்பளித்தால் இதமாக இருக்கும். கிராம்புத் தைலம் வலியை மட்டுப்படுத்தும். ஆனால் பல்லுக்குள் நரம்பு அழுகிவிட்டால், அங்கே தைலமும் போகாது, கஷாயமும் போகாது. வலி நின்றது நோய் நின்றதாக ஆகாது. வைத்தியன் தன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு ஒரு பல் விலையில் தெரிந்தது.

கேப் போட்ட பிறகும் வேலை இருக்கிறது. பீங்கானில் சொத்தை விழாது. ஆனால் பீங்கானும் பல்லும் சேரும் ஈறோரத்தில் விழும். அங்கே மெதுவாக பிரஷ் செய்து, இடுக்குகளைச் சுத்தம் பண்ணுங்கள். செங்கல்பொடி, அடுப்புச் சாம்பல், உமிக்கரி எதுவும் வேண்டாம். அவை பீங்கானின் பளபளப்பைத் தேய்த்துவிடும். சொரசொரப்பான பீங்கான் எதிரே உள்ள நல்ல பல்லை அரம் மாதிரி ராவிவிடும். சோடா மூடியைக் கடித்துத் திறப்பது, நல்லி எலும்பை நொறுக்குவது, கொட்டைப்பாக்கைக் கடிப்பது எல்லாவற்றுக்கும் விடை கொடுங்கள். பாக்கு புற்றுநோய்க்கும் வழி வைக்கும் என்பதால் அதை அடியோடு விடுவதே நல்லது.

"பிடுங்கிப் போட்டால் தொல்லை விட்டதே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பல் போனால் பக்கத்துப் பல் அந்த ஓட்டையை நோக்கிச் சாயும். எதிர்ப் பல் நீண்டு இறங்கும். இடுக்குகளில் சோறு சிக்கும். என் வாயில் இப்போது அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் என் நாக்கு தானாகவே அந்த இடத்துக்குப் போய் நிற்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது ரூட் கேனால் செய்துவிட்டு, 'அப்புறம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, உங்கள் பல் மருத்துவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அதுவரை கடலை மிட்டாய் வேண்டாம்.